கிரியாட்டினின் நார்மல், யூரின்ல புரோட்டீன்: கிட்னி "அதிகமா வடிகட்டுது"ன்னா என்னங்க?

கிழக்கு_சித்தூர் (கொழிஞ்சாம்பாறை):
மச்சானுக்கு 42 வயசு, டைப் 2 சுகர். ரிப்போர்ட்டுல எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர்) 9.4, கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்தற ரத்தக் கழிவு) 0.7, இஜிஎஃப்ஆர் (கிட்னி வடிகட்டுற வேகம்) 118, யூரின் ஏசிஆர் (யூரின்ல ஒழுகற அல்புமின் புரோட்டீன் அளவு) 140. டாபாகிளிஃப்ளோசின் 10 (சுகர் மாத்திரை), டெல்மிசார்டன் 40 (பிபி மாத்திரை) எழுதிக் குடுத்து, "கிட்னி அளவுக்கு மீறி வடிகட்டுது, உப்பைக் குறைங்க"ன்னுட்டாங்க. அதிகமா வடிகட்டினா நல்லதுதானே? சுகருக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? மூணு வாரத்துல கிரியாட்டினின் 0.9 ஆயிருச்சு. மாத்திரையை நிறுத்தச் சொல்றாங்க வீட்டுல.

நெஃப்ரான்:
நிறுத்தாதீங்க. கிட்னி ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுது. ரத்தத்துல சுகர் 100 இருந்தா அதோட 180 கிராம் குளுக்கோஸ் இறங்கும். 200 இருந்தா 360 கிராம். இதை வீணாக்காம இழுத்துக்க முதல் குழாய்ப்பகுதியில எஸ்ஜிஎல்டி2ன்னு ஒரு புரதம் இருக்குங்க. ஒவ்வொரு குளுக்கோஸ் மூலக்கூறோடவும் ஒரு சோடியத்தையும் சேர்த்தேதான் இழுக்கும். சுகர்காரங்களுக்கு இந்தப் புரதமே பெருகிப் போகுது. அதனால சோடியம் அங்கேயே காலியாகி, கீழே மேக்குலா டென்சாங்கிற உணர்வுச் செல்களுக்குக் குறைவாத்தான் வந்து சேருது. அதுங்க "வடிகட்டல் பத்தலை"ன்னு தப்பா எடுத்துக்கிட்டு உள்ளே வர்ற ரத்தக்குழாயை விரிச்சு விட்டுடும். கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு மூலத்தறை தடுப்பணை ஷட்டரை ஏத்தச் சொல்ற மாதிரிதான். நடுவுல ஓஸ் போட்டு உறிஞ்சறது யாருக்கும் தெரியாது. வெளியே போற குழாயை ஆஞ்சியோடென்சின்ங்கிற ஹார்மோன் வேற இறுக்கி வைக்குது. நடுவுல அழுத்தம் ஏறி, சல்லடை கிழிஞ்சு அல்புமின் ஒழுகுது.

118ங்கிறது ஃபார்முலா போட்ட கணக்கு, 90க்கு மேல அவ்வளவு துல்லியம் கிடையாது. கவனிக்க வேண்டியது ஏசிஆர் 140தான் (30க்குக் கீழே இருக்கணும்). காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன், கடும் வேலைக்கு மறுநாள் எல்லாம் பொய்யா ஏறும். காலையில முதல் யூரின்ல, மூணுலிருந்து ஆறு மாசத்துக்குள்ள மூணு தடவை பாருங்க. ரெண்டுல ஏறியிருந்தாத்தான் உறுதி.

மருந்துச்சீட்டு:
0.7லிருந்து 0.9 பயமுறுத்துற மாதிரி தெரியுது, ஆனா இஜிஎஃப்ஆர் 118லிருந்து 109தான் ஆகுது. டாபா அந்த எஸ்ஜிஎல்டி2வைத் தடுத்து சுகரையும் சோடியத்தையும் கீழே விடுது, உள்ளே வர்ற குழாய் சுருங்குது. டெல்மிசார்டன் ஆஞ்சியோடென்சினைத் தடுத்து வெளியே போற குழாயைத் தளர்த்துது. ரெண்டுமே அழுத்தத்தை இறக்குது, வடிகட்டலும் கொஞ்சம் இறங்கும். மருந்து வேலை செய்யறதோட அடையாளம் அது. கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல ஏறினாத்தான் கவலை. இவருக்கு சுமார் 29, வரம்பை ஒட்டி நிக்குது. அதனால ரெண்டு வாரத்துல பொட்டாசியத்தோட சேர்த்து மறுபடி பார்க்கச் சொல்லுங்க. 2020ல வந்த டாபா-சிகேடிங்கிற ஆய்வுல நாள்பட்ட கிட்னி நோய் உள்ள 4,304 பேர். டாபா எடுத்தவங்களுக்கு கிட்னி மோசமாகிறது, கிட்னி அல்லது இதய நோயால சாகிறது எல்லாம் சேர்த்து 39 சதவீதம் குறைஞ்சுது. ஆனா அவங்க கிட்னி இவரோடதை விட மோசம்.

வாந்தி, பேதி, பட்டினி விரதம்னா டாபாவை நிறுத்தணும். ஆபரேஷனுக்கு மூணு நாள் முன்னாடியே. இல்லேன்னா சுகர் 180தான் காட்டினாலும் கீட்டோன் (கொழுப்பு எரியறப்ப வர்ற அமிலம்) ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். பாலக்காட்டு மார்ச் வெயில்ல தோட்ட வேலைன்னா நீர் வத்திப் போற கவலையும் இருக்கு. யூரின்ல சுகர் ப்ளஸ் ப்ளஸ்னு வந்தா பதறாதீங்க, மாத்திரையே அதைத்தான் செய்யுது.

கிழக்கு_சித்தூர்:
உப்பு எவ்வளவுங்க? "லோ சோடியம்" உப்பு வாங்கலாமா?

நெஃப்ரான்:
அதை வாங்கவே வாங்காதீங்க. அதுல பொட்டாசியம் குளோரைடு, டெல்மிசார்டனோட சேர்ந்தா பொட்டாசியம் ஏறும். சாதா உப்பே நாளைக்கு 5 கிராம், ஒரு டீஸ்பூன், போதும். சமையல்ல பாதியாக்கிட்டு கஞ்சிக்கு உப்புமாங்காயும் கருவாடும் ரெண்டு பப்படமும் வெச்சா எல்லாம் வீண். அதிக உப்புல டெல்மிசார்டனோட பலனும் குறையும். அதுக்காக உப்பே இல்லாம சாப்பிட வேண்டாம், ரெண்டு மாத்திரையோட பிபி இறங்கி எந்திரிச்சா தலை சுத்தும்.

சந்தேகம்னா 24 மணி நேர யூரின் சோடியம் பாருங்க. காலையில முதல் யூரினை விட்டுட்டு நேரம் குறிச்சுக்கங்க. அதுக்கப்புறம் எல்லாமே கேன்ல, மறுநாள் அதே நேரத்துல போறதும் சேர்த்து. மொத்தம் 100 மில்லிமோல்னா சுமார் 6 கிராம் உப்பு, 200னா 12. ஒரு தடவை கேன்ல பிடிக்க மறந்தாலும் கணக்கு குறைஞ்சு காட்டும், அன்னைக்குள்ளதைக் கொட்டிட்டு வேற நாள் தொடங்குங்க.