திக்கும் பையனுக்கு ஐக்யூ 85: கவலைப்படணுமா?

கேள்வி: மகனுக்கு 7 வயது. "ப-ப-பந்து" என்று முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வான். ஐக்யூ சோதனையில் 85. நூற்றுக்கு 85 என்று சந்தோஷப்பட்டேன். பக்கத்திலேயே 'பெர்சன்டைல் 16' என்று போட்டிருக்கிறது. ஒன்றும் புரியவில்லை.

பதில் 1: அக்கா, அது நூற்றுக்கு வாங்கிய மார்க் இல்லை. சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகும் என்ற அளவு) 15. 85 என்றால் அதே வயதில் நூற்றுக்குச் சுமார் 16 பேர் அவனுக்குக் கீழே.

பதில் 2: நானும் திக்குபவன்தான். விடை தெரிந்தும் "தெரியாது" என்றே சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல் எனக்குத் தடையில்லாமல் வரும். திக்கல் அறிவுக்குறைவு இல்லை. சோதனையில் வாயால் பதில் சொல்லும் பகுதியையும், பேசாமல் கட்டை அடுக்கும் பகுதியையும் தனித்தனியாகப் பாருங்கள்.

கேட்டவர்: பார்த்தேன் தம்பி. கட்டை அடுக்குவதில் 12. அங்கே சராசரியே 10தானாம்!