வினைகளை வகைப்படுத்தும்போது இன்றியமையாதவை நழுவுகின்றன: எந்த அளவீடு உதவும்?

கேள்வி:
ஈ. கோலை பாக்டீரியாவின் வளர்சிதை வினைகளைத் தொகுத்த ஐஎம்எல்1515 கணினி மாதிரியில் எந்த வினைகள் வளர்ச்சிக்கு இன்றியமையாதவை என்று கண்டுபிடிக்க முயல்கிறேன். ஒரு வினையின் விளைபொருளை இன்னொரு வினை பயன்படுத்தினால் இரண்டுக்கும் நடுவே அம்பு. ஒவ்வொரு வினைக்கும் இணைப்பு எண்ணிக்கை, இடைமை (மற்ற வினைகளுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதைகளில் அது எவ்வளவு முறை வருகிறது), பேஜ்ரேங்க் (முக்கியமான வினைகளிடமிருந்து வரும் இணைப்புகளுக்கு அதிக எடை தரும் மதிப்பு) மூன்றையும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறைக்குக் கொடுத்தேன். மொத்தத் துல்லியம் நன்றாக இருக்கிறது. ஆனால் இன்றியமையாத வினைகள் பாதிக்கு மேல் தவறிப்போகின்றன. எங்கே பிசகு?

பதில் 1:
முதலில் கிராஃபை, அதாவது வினைகளும் அம்புகளும் சேர்ந்த வலையை, சரிசெய்யுங்கள். ஈனோலேஸ் நொதியின் வினை தண்ணீரை வெளியிடுகிறது, ஃபியூமரேஸ் நொதியின் வினை தண்ணீரை எடுக்கிறது. உங்கள் விதிப்படி இரண்டும் அடுத்தடுத்த வினைகள். ஆனால் அந்தத் தண்ணீர் வழியாக ஒரு கார்பன்கூடக் கைமாறுவதில்லை. நீர், புரோட்டான், பாஸ்பேட், ஏடிபி எல்லாம் இப்படித்தான் பொய் இணைப்புகளைக் கொட்டுகின்றன; இடைமை அதில் மூழ்கிவிடும்.

அதற்காகப் பெயரைப் பார்த்து அழித்துவிடாதீர்கள். ஹிஸ்டிடின் தயாரிப்பின் முதல் படியில் ஏடிபி மூலப்பொருளாகவே நுழைகிறது. கார்பன் உண்மையில் கைமாறும் இணைப்புகளை மட்டும் வினைவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். இரு திசையிலும் நடக்கும் மீள்வினைகளை முன், பின் என இரண்டாகப் பிரியுங்கள், அந்த இரட்டைகளுக்குள் அம்பு வேண்டாம். செல்லின் வளர்ச்சியைக் குறிக்கும் பயோமாஸ் வினையை கிராஃபிலிருந்து நீக்குங்கள்.

பதில் 2:
லேபிளையும், அதாவது ஒரு வினை இன்றியமையாததா இல்லையா என்ற குறியையும், பாருங்கள். இத்தகைய மாதிரிகளை இயக்கும் கோப்ராபை நிரலில் ஒவ்வொரு வினையாக நீக்கும்போது, தீர்வே இல்லாத இடத்தில் வளர்ச்சி பூஜ்யமாக வராது, 'நான்' (NaN, எண் அல்ல) என்று வரும். வெற்று வரிசைகளை நீக்கும் பழக்கத்தில் இதையும் நீக்கினால், மிக முக்கியமான வினைகளே தரவிலிருந்து காணாமல் போகும். அவற்றை இன்றியமையாதவை என்றே குறியுங்கள். அடைபட்ட வினைகளை (மாதிரியில் எந்த ஓட்டமும் நடக்க முடியாதவற்றை) முன்பே ஒதுக்குங்கள். ஊடகத்தையும் எழுதி வையுங்கள்: குளுக்கோஸ் மட்டும் உள்ள ஊடகத்தில் வரும் லேபிள், அமினோ அமிலம் சேர்த்ததும் மாறும்.

பதில் 3:
பயிற்சி, சோதனை எனச் சீரற்று பிரித்திருந்தால் இப்போதைய மதிப்பெண்ணே மிகையானது. சிறிய ஈ. கோலை மாதிரியில் (95 வினைகள்) சிட்ரேட் சின்தேஸ், அகோனிடேஸின் இரு படிகள், ஐசோசிட்ரேட் டீஹைட்ரஜனேஸ் நான்கும் ஒரே சங்கிலி. ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டுக்கு வேறு வழி இல்லாததால் நான்கும் சேர்ந்தே இன்றியமையாதவை. அவற்றில் மூன்று பயிற்சித் தரவில் இருந்தால் நான்காவதன் விடை முன்பே கசிந்துவிடும். வளர்சிதைப் பாதைவாரியாகக் குழுப் பிரிப்பு செய்யுங்கள். மொத்தத் துல்லியத்தை விட்டு, பிரிசிஷன்–ரீகால் வளைவைப் பாருங்கள்: இன்றியமையாதவை என்று சொன்னவற்றில் எத்தனை சரி, உண்மையில் இன்றியமையாதவற்றில் எத்தனை பிடிபட்டன என்று அது காட்டும்.

கேட்டவர்:
நன்றி. இத்தனைக்குப் பிறகும் இடைமை போதுமா?

பதில் 1:
போதாது. போக்குவரத்து மிகுந்த வினைக்கு மாற்றுப் பாதை இருக்கலாம். கடைக்கோடியில் கிடக்கும் வினைக்கு மாற்றே இல்லாமலும் போகலாம். அதனால் ஒரு வினையின் ஒவ்வொரு விளைபொருளையும் வேறு எத்தனை வினைகள் தருகின்றன என்று எண்ணி, அவற்றில் மிகச் சிறிய எண்ணை ஒரு அளவீடாகச் சேருங்கள். எண்ணும்போது மீள்வினைகளின் பின்திசையையும் கடத்தல் வினைகளையும் விட்டுவிடாதீர்கள். ஊடகத்தில் இல்லாத பொருளின் கடத்தலை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.