கொழும்பு புறக்கோட்டை பிரின்ஸ் வீதி ஒல்லாந்தர் நூதனசாலை: போனவர்கள் எழுதுங்கள்

பருத்தித்துறையாள்

மெயின் வீதியில் உடுப்பு எடுக்க வந்த இடத்தில், வெயில் தாங்காமல் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெரிய தூண்களுக்குள் நுழைந்தேன். கட்டில், பீங்கான், நாணயம் எல்லாம் போனவர்களுக்குத் தெரியும். அப்பா ஒன்றையும் பார்க்கவில்லை. சுவரோரமாக நடந்து ஓரிடத்தில் நின்று, உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "இஞ்சதான் பிள்ளை மணியோடர் ஜன்னல்." அறுபதுகளில் அவர் புறக்கோட்டையில் கடைச் சிப்பந்தி. இது அப்போது தபால் கந்தோர். அப்பம்மாவுக்கு மாதாமாதம் காசு போனது இங்கிருந்துதான். நான் "சரி, வாங்கோ அப்பா, மேல்மாடி பார்ப்பம்" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். இன்னும் குத்துகிறது. இப்போது அவரால் படி ஏற முடியாது.

கொட்டாஞ்சேனை அம்மா

மகளுக்கு ஏழு வயதில் இந்தக் கோட்டையைப் பார்க்கப் போனோம். கல்லறைக் கல் ஒன்றின் முன் குந்தியிருந்து, எழுத்தின் பள்ளத்துக்குள் விரலை விட்டு ஓட்டினாள். "இதுக்குக் கீழ ஆள் இருக்கா அம்மா?" இல்லை என்றேன். "அப்ப ஆள் எங்க?" அவளுக்கு இப்போது பதினாறு வயது. அவள் மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை.

வெள்ளவத்தை வாசி

அம்மா, கோட்டை என்று எழுதாதீர்கள், மனம் கேட்கவில்லை. 1656இல் கொழும்பைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், இன்று நாம் கோட்டை என்கிற பகுதியைத்தான் 'கஸ்தேல்' என்றார்கள். புறக்கோட்டை அவர்களுக்குப் பழைய நகரம், ஆட்கள் குடியிருந்த இடம். இது வீடு. 1692 முதல் 1697 வரை ஆளுநராக இருந்த தோமஸ் வான் ரீயின் வீடு. கஸ்தேலின் மதிலை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள், வீடு தப்பியது. செமினரி (போதகர்களைப் பயிற்றும் பள்ளி), ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்த 1796க்குப் பிறகு ஆஸ்பத்திரி, ஆயுதசாலை, தபால் கந்தோர் என்று யாராவது அதைப் பாவித்துக்கொண்டே இருந்ததால்தான் தப்பியது என்பது என் எண்ணம். கொழும்பு செமினரியில் படித்த தமிழர் பிலிப் டி மெல்லோ 18ஆம் நூற்றாண்டில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தவர். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

என் அனுபவம் சின்னது. உள்முற்றத்தில் காலை வைத்ததும், வெளியே வண்டி தள்ளும் நாட்டாமிமாரின் சத்தம் அப்படியே அடங்கிப்போனது. அந்த அமைதிக்காகவே இன்னொரு தரமும் போனேன்.

போகிறவர்கள் வாகனம் கொண்டுபோகாதீர்கள், நிறுத்த இடம் கிடையாது. கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்குப் பிறகு அந்த வீதியில் தோள் உரசாமல் நடக்க முடியாது. போயா நாளில் போக நினைத்தால் முதலில் விசாரியுங்கள். குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வொல்பெண்டால் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், 1757இல் திறந்தது, நடக்கிற தூரம்தான்.

பழைய புறக்கோட்டை

1971 மழையை ஒருவரும் சொல்லவில்லையே. தெற்குச் சுவர் விழுந்தது அப்போதுதான். நான் பள்ளிக்கூடப் பிள்ளை, ஐயாவோடு போய்ப் பார்த்தேன். சுவர் இருந்த இடத்தால் உள்ளே ஒரு மேசை தெரிந்தது. அதன் லாச்சி பாதி திறந்தபடி, மழை நீர் நிரம்பி வழிந்தது. ஐயா அசையாமல் நின்றார். தபால் கந்தோர் இடம் மாறியது. கட்டடத்தைக் காப்பாற்றச் சொல்லிப் பலர் குரல் கொடுத்தார்கள். 1977இல் நெதர்லாந்தோடு ஒப்பந்தம், 1982இல் நூதனசாலை.

கந்தோர், லாச்சி இரண்டும் ஒல்லாந்தச் சொற்கள்தான். நூதனசாலைக்குள் அவற்றைத் தேட வேண்டாம், நம் வாயில் இருக்கின்றன.

பருத்தித்துறையாள், அப்பாவிடம் அந்த ஜன்னலைப் பற்றிக் கேட்டு எழுதுங்கள். அதைக் கண்ணால் கண்டவர்கள் குறைந்துகொண்டு வருகிறோம்.

பருத்தித்துறையாள்

நேற்று இரவு கேட்டேன். பேனையை நூலால் கட்டி வைத்திருப்பார்களாம். நூல் கட்டையாம், குனிந்துதான் எழுத வேண்டுமாம். கையை மேசையில் வைத்து, குனிந்து எழுதிக் காட்டினார். அப்பம்மாவின் முழு விலாசத்தையும்.