வாராந்திரக் காய்கறிப் பங்கு: சாப்பாடு மாறுகிறதா என்று அளக்க உதவி வேண்டும்

வணக்கம். சமூகப் பண்ணைக்குப் பருவத் தொடக்கத்திலேயே பணம் கட்டி, வாராவாரம் அதன் விளைச்சலில் ஒரு பங்கு வாங்கும் குடும்பங்கள் உண்மையிலேயே அதிகம் காய்கறி சாப்பிடுகின்றனவா என்று கணக்கெடுக்க வேண்டும்.

உலக சுகாதார அமைப்பு பெரியவர் ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய், பழம் என்கிறது (உருளைக்கிழங்கு சேராது). நான்கு பேருக்கு வாரம் 11.2 கிலோ. 5 கிலோ பங்கு அதில் பாதிகூட இல்லை. அதிலும் கீரைதான் முதலில் வீணாகிறது: ஈரத்தோடு மூடி வைத்தால் அழுகும், பழுத்த தக்காளியோடு வைத்தால் அது வெளிவிடும் எத்திலீன் வாயுவால் மஞ்சளாகும். கேரட், முள்ளங்கியின் தழையை உடனே நறுக்காவிட்டால் கிழங்கு வாடிவிடும்.

ஆகவே கொடுத்த எடையை மட்டும் எழுதினால் கணக்குத் தப்பாகிவிடும். சமைத்தது, பிறருக்குக் கொடுத்தது, வீசியது மூன்றையும் தனித்தனியே எடை போட வேண்டும். பங்கு தொடங்கும் முன் ஒரு வாரம், பருவ நடுவில் ஒரு வாரம். கடையில் வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்களா என்பதையும் கேட்க வேண்டும். குறைத்திருந்தால் மொத்தம் கூடியிருக்காது.

நீளமான படிவத்தைப் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். ஒரே பக்கத்தில் அடங்கும் படிவம் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பகிருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் படம் வைத்துச் செய்தது என்றால் இன்னும் நல்லது.