கொழுந்தை வைத்துப் பிள்ளைகளுக்கு இரசாயனம் காட்ட உதவி வேண்டும்

வணக்கம் எல்லாருக்கும். பேராதனையில் இரசாயனவியல் இறுதி வருடம் படிக்கிறேன், ஊர் தலவாக்கலைப் பக்கம். போன மாதம் எங்கள் கருத்தரங்கில் தேயிலை நிறம் மாறுவதைப் பற்றிப் பேசினேன். அதையே தோட்டப் பாடசாலையில் தரம் 6 பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட ஆசை, ஏனென்றால் அம்மா தினமும் பறிக்கிற பச்சைக் கொழுந்து எப்படிக் கறுப்புத் தூளாகிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை, எனக்கும் அந்த வயதில் சொல்லவில்லை.

வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு கொழுந்தைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கிக் கசக்கினேன், இன்னொன்றை அப்படியே கசக்கினேன். முக்கியது பச்சையாகவே கிடந்தது, மற்றது ஓரத்திலிருந்து செம்பு நிறத்துக்கு வந்தது. கொழுந்தில் இருக்கும் நொதியம் (இரசாயன மாற்றத்தை வேகப்படுத்தும் புரதம்) சூட்டில் செயலிழந்துவிடுகிறது, அவ்வளவுதான். மற்றதில் அது ஒட்சிசனைக் கொண்டு இலையிலுள்ள கட்டெச்சின் என்ற நிறமற்ற பொருளைத் தியாஃபிளேவின் என்ற நிறப்பொருளாக மாற்றுகிறது. இதைத் தொழிற்சாலையில் நொதித்தல் என்றாலும் உண்மையில் ஒட்சியேற்றம்தான்.

சிக்கல் நேரம்தான். காலைக் குளிரில் நிறம் மாற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகிறது, எனக்குக் கிடைப்பது 40 நிமிடம். தொழிற்சாலையில் வேலை செய்த அண்ணாமார், ஐயாமார் யாராவது இருந்தால், கையால் எவ்வளவு நன்றாகக் கசக்க வேண்டும், ஈரத்துணி போட்டு மூடி வைப்பதா, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் சரிவருமா என்று சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில் பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்து வெளிறுவதையும், அப்பச்சோடா போட்டுக் கருப்பதையும் காட்டலாம் என்று நினைக்கிறேன். அப்புறம், ஆசிரியர்மாரே, நொதியத்தை 11 வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வீர்கள்?