கடவுள் நம்பிக்கைக்கு நியாயம் கேட்டப்ப நடந்தது, உங்க அனுபவத்தச் சொல்லுங்க

ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் மண்டைக்குள்ள ஓடுது. கடவுள நம்புற நண்பன்கிட்ட, கிளிஃபோர்ட்ங்கிற இங்கிலாந்து தத்துவவாதி 1877-ல எழுதினத வச்சுப் பேசிட்டிருந்தேன், போதிய ஆதாரம் இல்லாம எத நம்பினாலும் தப்பு, அந்தக் கப்பல் முதலாளி கதைதான், ஓட்டைக் கப்பல நல்லாருக்குன்னு தன்னையே நம்ப வச்சுக்கிட்டு ஜனங்கள ஏத்தி அனுப்புவாரே. எல்லாம் கேட்டுட்டு லிஃப்ட்டுக்குள்ள போய் நின்னு, "சரி, இந்த விதிய நம்புறதுக்கு உங்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு?"ன்னான். கதவு மூடிருச்சு. நான் அங்கேயே நின்னுட்டேன்.

---

எனக்கு பாஸ்கல், அந்த பிரெஞ்சு கணித மேதையோட பந்தய வாதம். கடவுள் இருந்தா அளவில்லாத லாபம், இல்லன்னா பெரிய நஷ்டமில்ல, நம்பிடுங்கப்பான்னு அப்பாட்ட கெஞ்சினேன். ஆயுசு பூரா நம்பாதவர், கடைசி மாசம், பேசவே கஷ்டப்பட்டார். என் கையப் புடிச்சு, "கணக்குப் பாத்துத்தான் வந்திருக்கேன்னு அவருக்குத் தெரியாதாடா?"ன்னார். எந்த மதத்துக் கடவுள் மேல பந்தயம் கட்டுறதுங்கிற கேள்வியெல்லாம் எனக்கு அப்புறம்தான் தோணுச்சு.

---

மொதல்ல எழுதினவருக்கு: உங்க நண்பர் கேட்டது நல்ல கேள்விதான், ஆனா உங்க விதி உடைஞ்சதால அவர் நம்பிக்கை நியாயம்னு ஆயிடாது.

என் கதை சின்னது. அக்காவுக்கு பைபாஸ், முந்தின நாள் ராத்திரி 2006-ல வந்த பிரார்த்தனை ஆய்வ பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். 1802 பைபாஸ் நோயாளிங்க, மத்தவங்க ஜெபிச்சும் பலனில்ல, தனக்காக ஜெபிக்கிறாங்கன்னு உறுதியா தெரிஞ்சவங்கள்ல 59 சதவீதம் பேருக்கு சிக்கல் வந்துச்சு, தெரியாம ஜெபம் பெற்றவங்கள்ல 52. அக்கா பேப்பர படிக்காம நாலா மடிச்சு என் பாக்கெட்லயே வச்சு, "நான் கேட்டு வாங்கவா ஜெபிக்கிறேன்னு நெனச்ச?"ன்னா.

அதனால சொல்றேன், ரெண்டு கேள்வியப் பிரிச்சுக்கங்க. கடவுள் இருக்காரான்றது ஒண்ணு, அத நிரூபிக்க முடியாத ஒருத்தர் நம்புறது நியாயமான்றது இன்னொண்ணு. எதிர்ல இருக்கிறவருக்கு மனசு இருக்குன்னு யாரும் நிரூபிச்சுட்டு நம்புறதில்ல, ஆனாலும் அது பகுத்தறிவுக்கு விரோதமில்லன்னு பிளான்டிங்காங்கிற அமெரிக்க தத்துவவாதி 1967-லயே வாதாடினார், கடவுள் நம்பிக்கையும் அப்படித்தான்னு. எனக்கு அது பாதிதான் ஒத்துக்குது, ஏன்னா மனசு இருக்குன்னு நம்பாம ஒருத்தராலயும் ஒருநாள் கூட வாழ முடியாது, கடவுள நம்பாம கோடிப் பேர் வாழ்றாங்க. இனிமே யார்ட்டயாவது விவாதம் பண்ணா அவங்க எந்தக் கேள்விக்கு பதில் சொல்றாங்கன்னு மொதல்ல கேளுங்க, ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி மட்டும் வேணாம்.

---

மேல எழுதினவருக்கு, மொதல்ல எழுதினது நான்தான். அவன் ஜெயிச்சான்னு நான் சொல்லவேயில்ல. அந்த விதிய இருபது வயசுல படிச்சேன், ஒரு தடவகூட சோதிச்சுப் பாக்காம எல்லார்கிட்டயும் அதையே கேட்டுட்டு இருந்திருக்கேன். அதான் உறுத்துது.