முயற்சியை விட்ட பிறகு லூசிட் டிரீம் வருகிறது, ஏன்?

வணக்கம். கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று தெரிந்துவிடுமே, அந்த லூசிட் டிரீமுக்காக எட்டு மாதம் படாதபாடு பட்டேன். விடிகாலை நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி படுப்பேன். இது கனவா நனவா என்று சோதிக்கும் பழக்கம் கனவிலும் வரட்டும் என்று, பகலில் பத்துத் தடவையாவது மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். (பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ!) மிச்சம் தூக்கக் கலக்கம்தான்.

சரி, போதும் என்று எல்லாவற்றையும் விட்டேன். மூன்றே வாரத்தில் வந்தது. தெரியாத ஏதோ மாடிப்படியில் ஏறிக்கொண்டிருக்கிறேன். சுவரில் கடிகாரம். திரும்பவும் பார்த்தால் முட்களையே காணோம்! சட்டென்று உறைத்தது. சந்தோஷத்தில் கத்தினேன், அதோடு விழிப்பும் வந்துவிட்டது. அப்புறம் இதுவரை நான்கு கனவுகள். எல்லாமே நன்றாகத் தூங்கிய நாட்களில், விடியும் நேரத்தில்.

கண்கள் வேகமாக அசையும், கனவுகள் அதிகம் வரும் ரெம் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் நீளமாக வரும். அலாரம் வைத்து அதைத்தான் நானே கெடுத்துக்கொண்டிருந்தேனா? இல்லை, பழைய பயிற்சி தாமதமாகப் பலிக்கிறதா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் மறுபடி ஆரம்பித்தால் வருவதும் நின்றுவிடுமோ என்று பயம்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? பயிற்சியில் எதையாவது லேசாகத் தொடர்ந்தீர்களா? இன்னொன்று: கனவுக்குள் கைகளைத் தேய்த்தால் கனவு கலையாது என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.